எடைமேடையில் ஏறிய ஆள்

கல் உடைக்கும் கம்பெனி ஒன்றின் வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடும் நீளமான இரும்பு மேடை இருந்தது. அதை ஒட்டி ஒரு சின்ன அறை, அறைக்கு ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் தலை நரைத்து முடிகிற காலம்வரை உட்கார்ந்திருந்தவரை டிரைவர்கள் ‘டன்’ என்று கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். பிறகு முகத்துக்கு நேரே ‘டன் அண்ணே’ ஆகிவிட்டது. அவர் மறுப்புச் சொல்லவில்லை. மறுத்தாலும் எடுபடுகிற உடம்பு இல்லை அது.

காலி லாரி உள்ளே வரும்போது ஓர் எடை. ஜல்லி ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது ஓர் எடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு. உலகத்தில் சண்டைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. சரக்கு வாங்குகிறவனுக்கு எப்போதும் குறைவாகத் தெரியும், விற்கிறவனுக்கு எப்போதும் கூடுதலாகத் தெரியும். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். டன்னும் வாங்கிக்கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பார்.

அப்படித் திட்டுகிற டிரைவர்களே மறுநாள் ஜன்னல் விளிம்பில் எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பொட்டலம் வறுவல், கிரீம் பிஸ்கட், சில்லென்ற இனிப்புச் சோடா. லஞ்சம் என்று சொல்ல முடியாது. அதனால் எடை மாறப்போவதில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். நேற்று பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். மன்னிப்புகள் எல்லாம் உப்பிலும் சர்க்கரையிலும் எண்ணெயிலும் வந்தன. டன் ஒரு கையால் எண்களைத் தட்டிக்கொண்டே மறு கையால் அவற்றைத் தின்றார். வருஷக்கணக்கில் தின்றார்.

ஒரு மத்தியானம், வயிறு நிறைந்து கண் சொக்கிய நேரத்தில், ஒரு லாரியின் காலி எடையை இன்னொரு லாரியின் பெயரில் ஏற்றிவிட்டார். வாசலில் இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அது முதல் தடவையாக இருந்திருந்தால் மேனேஜர் விட்டிருப்பார். முதல் தடவை இல்லை. கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள்.

ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. டாக்டர் சில வண்டி எண்களைச் சொல்லி அவற்றைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். வாழ்நாள் முழுக்க வண்டி எண்களோடு குடித்தனம் நடத்தியவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

“மழைக்காலம் முடியட்டும், மறுபடி பாக்கலாம்” என்றார் டாக்டர். “மாத்திரைய ஒழுங்கா போடுங்க, உடம்பக் குறைங்க. அப்பவும் இதே கதின்னா அந்த நாற்காலில உங்கள உட்கார வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அந்த நாற்காலிக்கு மேனேஜர் மனசுக்குள் ஆள் பார்த்து வைத்திருந்தார். கேட்டில் காவலுக்கு நிற்கும் ஒல்லிப்பிச்சான் ஒருவன். டிரைவர்கள் அவனை ஊசி என்பார்கள். டன்னின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அவனை இந்தக் கம்பெனிக்குள் கொண்டுவந்து விட்டதே டன்தான். அந்த ஒரு நல்ல காரியத்துக்காக அவர் தினமும் தன்னையே நொந்துகொண்டார்.

நாற்காலி போனால் வேறு வேலை கிடைக்காமல் போகாது. பெருக்குகிற வேலை இருக்கிறது, தண்ணீர் தெளிக்கிற வேலை இருக்கிறது. ஆனால் டன்னின் பயம் வேறு. அவருடைய அம்மா ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமலே விட்டவள். மூளையில் சின்னச் சின்ன அடைப்புகள் வந்து, கடைசி வருஷங்களில் எரிகிற அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஜன்னலுக்குள் உட்கார்ந்து எண்களைச் சரியாகத் தட்டுகிறவரை, தன் தலை தன்னிடம்தான் இருக்கிறது என்பதற்கு லாரிக்கு லாரி ஒரு சாட்சி கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சாட்சியைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள்.

கம்பெனி மருந்தகத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். சிரித்தால் மருந்து தீர்ந்துவிடும் என்பது போன்ற முகம்.

“என்ன சாப்பிடுறீங்க?”

“சாதாரணமாத்தான் சிஸ்டர்.”

“சாதாரணம்னு ஒரு சாப்பாடு கிடையாது. காலைல இருந்து சொல்லுங்க.”

சொன்னார். ஜன்னலில் வருவதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார்.

“இது வீட்டுல சாப்பிட்டது. மீதி?”

“மீதின்னா?”

“இத மட்டும் சாப்பிட்டா இந்த உடம்பு வராது. உங்க மேடைல போடுற கழித்தல் எனக்கும் தெரியும்.”

டன்னுக்குச் சுருக்கென்றது. வறுவலையும் சோடாவையும் ஒத்துக்கொண்டார். அவள் கண்டிக்கக்கூட இல்லை. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பயறோ மீனோ முட்டையோ, கால் பங்கு தவிடு போகாத தானியம். இனிப்புத் தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீர், வறுவலுக்குப் பதில் உப்புப் போடாத ஒரு பிடி கடலை, முடிந்தால் பழம். மளிகைக்கடைக்காரன் போல ஒப்பித்தாள்.

“மூளைக்குன்னு தனியா ஏதாவது உண்டா?” வேறு யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டார்.

“தனியா ஒரு வெங்காயமும் கிடையாது. இருக்குன்னு எவனாவது வித்தா அவன் வியாபாரி. இதே சாப்பாடுதான். இப்படிச் சாப்பிடுற ஆயிரக்கணக்கான பேர வருஷக்கணக்குல கவனிச்சிருக்காங்க, அவங்களுக்கு மறதி நோய் கொஞ்சம் கம்மியாத்தான் வந்திருக்கு. ஆனா சோதனையா வெச்சு சாப்பிட வெச்சப்போ எல்லாத்துலயும் பலன் தெளிவாத் தெரியல. அதனால வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பிரஷர் அடங்குனா மூளைக்கு நல்லது, அது மட்டும் உறுதி. போதுமா?”

சத்தியம் பண்ணாத மருந்தை எவன் நம்புவான். டன் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் வேறொரு சத்தியம் காத்திருந்தது. கூடத்தில் ஊசி உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் பளபளவென்று ஒரு டப்பா.

“மாமா, இத காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் கலக்கிக் குடிங்க. கொழுப்பும் கரையும், மூளையும் கூர்மையாகும். நம்ம பழக்கத்துல ஒருத்தர் விக்கிறார்.”

“நீ எத்தனை நாளாக் குடிக்கிற?”

“எனக்கெதுக்கு மாமா, நான் ஒல்லியாத்தானே இருக்கேன்.”

“நான் மூளைக்குச் சொன்னேன் மாப்ள.”

ஊசியின் முகம் சுண்டியது. மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

“நல்லதுக்குக் கொண்டாந்தா இப்படித்தான் பேசுவீங்களா?”

“உன் தம்பி டப்பா குடுக்க வரல. என் நாற்காலிய அளவெடுக்க வந்திருக்கான்.”

“உங்க நாற்காலில அவன மாதிரி மூணு பேர் உட்காரலாம். அளவெடுத்து என்ன பண்ணப் போறான்?”

டன் எழுந்தார். டப்பாவைத் தூக்கி வாசலில் வைத்தார். நர்ஸ் சொன்ன பாதித் தட்டு, கால் தட்டுக் கணக்கையும் அதோடு சேர்த்து வெளியே வைத்தார். யாருடைய தயவும் வேண்டாம், தின்பதால்தானே இந்தப் பேச்சு, தின்னாமலே இருந்து காட்டுகிறேன் என்று முடிவு கட்டினார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை பால் விடாத வெறும் தேநீர். சாயங்காலம் அரைவயிற்றுக்கு எதையோ கொறித்துவிட்டுப் படுக்கை. மனைவி போட்ட தட்டைக் கையால் தள்ளினார்.

“அப்ப என் சமையல்தான் உங்கள இப்படி ஆக்குச்சுன்னு சொல்றீங்க” என்றாள் அவள். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை. வீட்டில் பேச்சு நின்றது. பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன.

பட்டினி கிடக்கிறவன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்த நாட்களில் டிரைவர்கள் கண்டார்கள். சீட்டை முகத்தில் அடித்தாற்போல் எறிந்தார். ஹாரன் அடித்தவனை வண்டியை விட்டு இறங்க வைத்தார். எண்கள் தண்ணீரில் கிடப்பவை போல் நெளிந்தன. ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தார். தலைக்குள் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருந்தது. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ என்று நினைத்தபோது பசியைவிட அது அதிகமாகக் குடைந்தது.

பட்டினி தொடங்கிய நாளில் வரிசையில் லாரி இல்லாத சமயம் பார்த்து, எடைமேடையில் ஏறி நின்று பார்த்திருந்தார். அறைக்கு வெளியே தொங்கும் பெரிய சிவப்பு எண்பலகை 120 என்று காட்டியது. பிறகு ஒரு நாள், அதேபோல் மேடை காலியாகக் கிடந்த மத்தியானம், இன்னொரு தடவை ஏறினார்.

100.

இறங்கினார். பலகை பூஜ்யத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். 100. உடம்பில் இருபது கிலோ காணாமல் போயிருந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகோ டன் தனியாக நின்று சிரித்தார். அடுத்து வந்த டிரைவரிடம் சொன்னார், அதற்கடுத்தவனிடம் சொன்னார். ஜன்னலுக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. யாரோ வறுவல் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்கள். இருபது கிலோவைத் தொலைத்தவனுக்கு ஒரு பொட்டலம் என்ன கேடு. வாங்கிக்கொண்டார். அது முடிந்ததும் இன்னொன்று.

கேட்டிலிருந்து ஊசி நிதானமாக நடந்துவந்தான்.

“என்ன மாமா, கல்யாணக்களை?”

ஒரு டிரைவர் விஷயத்தைச் சொன்னான். ஊசி பலகையைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான், பிறகு மாமாவைப் பார்த்தான்.

“மாமா, இந்த மேடை இருபது இருபதாத்தானே தாண்டும்?”

டிரைவர்கள் பலகையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்வீங்க, இருபது கிலோவுக்குக் கீழ இந்த மேடைக்குக் கண்ணு தெரியாதுன்னு. முன்னால நூத்திப் பதினொண்ணு இருந்திருப்பீங்க, நூத்தி இருபதுன்னு காட்டியிருக்கும். இப்ப நூத்தி ஒம்பது இருப்பீங்க, நூறுன்னு காட்டுது. அவ்வளவுதான்.” தரையில் இருந்த தண்ணீர்க் கேனை எடுத்து நீட்டினான். “சந்தேகமா இருந்தா இதப் புடிச்சுக்கிட்டு ஏறிப் பாருங்க.”

ஏறாமல் இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஏறாமல் இருப்பதும் ஒரு பதில்தான். டன் கேனைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சிவப்பு எண் ஒரு கணம் துடித்தது. 120 என்றது.

டிரைவர்கள் சிரித்த சிரிப்பு கல் உடைக்கும் இயந்திரத்தின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. லாரியில் இருபது கிலோ என்றால் டயரில் ஒட்டின சேறு என்று வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், தன் உடம்பு என்று வந்ததும் அந்தச் சேற்றையே தங்கமாக எடுத்துக்கொண்டார். இந்தத் தப்பை இந்த மேடையைத் தெரியாதவன் செய்தால் பாவம் என்பார்கள். தெரிந்தவன் செய்ததால்தான் அவ்வளவு சிரிப்பு.

மறுநாள் மருந்தகத்தில் நர்ஸ் சின்னத் தராசில் நிறுத்திப் பார்த்தாள். நூற்று ஒன்பது. ஊசி சொன்ன கணக்கு அப்படியே இருந்தது. அதுதான் டன்னுக்கு அதிகமாக வலித்தது.

“சாப்பிடாம கிடந்தீங்களா?”

“ஆமா.”

“போனது பெரும்பாலும் தண்ணி. கூடக் கொஞ்சம் தசை. கொழுப்பு அங்கயேதான் உக்காந்திருக்கு. தல சுத்துச்சா?”

“பஞ்சு மாதிரி இருந்துச்சு.” கொஞ்சம் தயங்கினார். “எங்கம்மாவுக்கு மறதி. அது எனக்கும் வந்துருச்சோன்னு நெனச்சேன்.”

நர்ஸ் அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். ஆறுதல் சொல்லவில்லை.

“வந்துருச்சா இல்லையான்னு பட்டினி கிடக்கிறப்போ தெரியாது. மூணு வேளையும் ஒழுங்காச் சாப்பிட்டு, ஒழுங்காத் தூங்கி, அப்புறம் சொல்லுங்க. யார் மேலயோ இருக்கிற கோவத்துல சாப்பிடாம இருக்கீங்க. அதே கோவத்துல சாப்பிட்டுத்தான் பாருங்களேன்.”

அது டன்னுக்குப் புரிகிற பாஷையாக இருந்தது.

கீரையும் பயறும் காயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மேஜைமேல் வைத்தார். மனைவி பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பயறு வெந்தது, கீரை வெந்தது, தட்டு மேஜைமேல் டங்கென்று விழுந்தது.

“உப்பே இல்ல” என்றார்.

“கம்மியாப் போடச் சொன்னது உங்க நர்ஸு. குறை சொல்றதா இருந்தா நீங்களே சமைச்சுக்கங்க.”

சமைத்தார். முதல் நாள் பயறை ஊற வைக்க மறந்து, கல் போல இருந்ததைக் கடித்துக் கடித்துத் தின்றார். இங்கேயும் ஜல்லியா என்று மனைவி சுவரைப் பார்த்துக் கேட்டாள். இரண்டாம் நாள் கீரை கருகியது. மெல்லமெல்ல எலுமிச்சையும் பூண்டும் மிளகும் உப்பின் வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டன. ஒரு நாள் அவள் அவர் செய்ததையே தன் தட்டிலும் போட்டுக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார்.

“வீணாப் போகுதேன்னு சாப்பிடுறேன். உங்க கைமணத்துக்காக இல்ல.”

வீட்டைச் சமாளிப்பது சுலபமாக இருந்தது. ஜன்னல்தான் கஷ்டம். பொட்டலம் வைத்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியதும் வாசலின் காற்றே மாறிவிட்டது. பெரிய மீசை வைத்த பழைய டிரைவர் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பி எடுக்க மறுத்தார்.

“ஏன் அண்ணே, நான் குடுத்தா எறங்காதா?”

“உடம்புக்கு ஆகாதுப்பா.”

“இத்தன வருஷம் ஆச்சே. இப்ப வேற எடத்துல பெருசாக் கெடைக்குதோ?”

“கெடச்சா உனக்கும் பங்கு தரேன். வண்டிய எடு.”

மீசைக்காரர் வண்டியை எடுக்கவில்லை. எடை தப்பு, மறுபடி போடு என்று வம்பு பிடித்தார். டன் மறுபடி போட்டார், அதே எடை. அதன்பிறகு அவர் டன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மன்னிப்பு கேட்கிற வழியை அடைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு திட்டு வெறும் திட்டாகவே தங்கியது. ஒருவன் கேலிக்காக ஒரு முழு முட்டைக்கோஸை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான். டன் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நறுக்கினார்.

வயிறு கனக்காத மத்தியானங்களில் கண் சொக்கவில்லை. லாரி வராத இடைவெளியில் வேலி ஓரமாக நடந்தார். கேட்டைக் கடக்கும்போதெல்லாம் ஊசி, “எவ்வளவு தூரம் மாமா, பக்கத்து ஊர் வந்துருச்சா?” என்பான். அந்தக் கேள்விக்காகவே இன்னொரு சுற்றுப் போவார். ஆனாலும் உடம்பு வெட்கமில்லாமல் மெதுவாகத்தான் குறைந்தது. சட்டை தளர்ந்தது, தொந்தி இருந்த இடத்தில்தான் இருந்தது. சில நாள் பொறுக்க முடியாமல் சோடா குடித்தார். குடித்துவிட்டு மறுநாள் மறுபடி பயறை ஊற வைத்தார்.

மழைக்காலம் முடிந்து டாக்டர் கூப்பிட்டார். அன்றைக்கு நாற்காலியில் மாற்றாளாக ஊசியை உட்கார வைத்திருந்தார் மேனேஜர்.

தராசு நூற்று நான்கு என்றது.

“இவ்வளவுதானா?” டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “பாக்க அப்படியேதான் இருக்கீங்க.”

“உங்ககிட்ட அழகுப் போட்டிக்கு வரல டாக்டர்.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்தாளா என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார், காற்றை விட்டார், மறுபடி சுற்றினார். மாத்திரையோடு சேர்ந்து அது எல்லைக்குள் வந்திருந்தது. சர்க்கரையும் ஓர் அடி பின்னால் போயிருந்தது. பிறகு வண்டி எண்கள்.

டாக்டர் சொன்னார், டன் பின்னாலிருந்து திருப்பிச் சொன்னார். எண்கள் நீண்டன. ஓரிடத்தில் நின்றுவிட்டார். அடுப்பின் முன்னால் நின்ற அம்மாவின் முதுகு கண்ணுக்குள் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு எண்ணைத் தேடினார். அது அங்கேயே இருந்தது. சொல்லி முடித்தார்.

“அடுத்த மழை வரைக்கும் இருங்க” என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். “அப்ப மறுபடி பாப்போம். இது நிரந்தரம்னு நினைச்சுக்காதீங்க.”

நிரந்தரம் என்று எதையும் அவர் நினைக்கவில்லை. இப்போதைக்குத் தலை தன்னிடம்தான் இருந்தது. நாளைக்கு என்ன என்று நர்ஸும் சொல்ல மாட்டாள், டாக்டரும் சொல்ல மாட்டார்.

எடை அறைக்குப் போனபோது நாற்காலியில் ஊசி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மேடையில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவன் கையெழுத்தான காகிதத்தைப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

“எந்திரி மாப்ள.”

“இந்த ஒரு வண்டிய முடிச்சுட்டு மாமா.”

“எந்திரி.”

எழுந்தான். மெதுவாக, முதுகை நெளித்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். கதவருகே நின்று திரும்பினான்.

“அடுத்த மழைக்கும் டாக்டர் கூப்பிடுவாருல்ல? நான் எங்கயும் போகல மாமா. கேட்லதான் இருப்பேன், காத்துக்கிட்டு.”

“காத்திரு” என்றார் டன், பலகையில் எண் துடிக்காமல் நின்றுவிட்டதா என்று பார்த்தபடி. “நான் நல்லாச் சாப்பிட்டுக்கிட்டே இருப்பேன்.”